மீன், அரிசி, காசு: பெரிய மார்க்கெட்டில் கணக்கு கைமாறிய கதை

பெரிய மார்க்கெட் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மணிக்கூண்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் அடிக்காசிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அடிக்காசு என்றால் தெரியாதவர்களுக்கு: சந்தையில் தரையில் கூடை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள், உட்காரும் அந்த இடத்துக்காக அன்றன்றைக்குக் கட்டும் கட்டணம். வசூல் உரிமையை நகராட்சி ஏலம் விடும். ஏலம் எடுத்தவரின் ஆள் சீட்டுக்கட்டோடு வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு போவார். அதிகமா கேட்டா சண்டை. சீட்டு தரலைன்னா சண்டை. இன்றைக்கு அதே தரையில், கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கூடவே கையகலப் பெட்டி ஒன்று. ஒவ்வொரு முறை காசு விழும்போதும் இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது.

சீட்டும் அட்டையும் வேறு வேறு காலத்துப் பொருள்கள். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான். சந்தையில் நடப்பதை யார் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்? எழுதியது தப்பாகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

"டிஜிட்டல் வந்தால் இடைத்தரகர் ஒழிவார், பணமும் சேவையும் நேராக மக்களுக்குப் போய்ச் சேரும்" என்று இருபது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுவருகிறோம். அது எந்த அளவுக்கு நடந்தது என்று பார்க்க புதுச்சேரி ரொம்ப நல்ல ஊர். சின்ன ஊர் என்பதால் புதுத் திட்டங்களை இங்கே முதலில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். நான் மூன்று சரக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மீன், அரிசி, காசு. மூன்றும் பெரிய மார்க்கெட்டில் புழங்குகிறவை. அதற்கு முன் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும்.

துபாஷியும் சாவடியும்

மார்க்கெட்டின் ஒரு பக்கம் நேரு வீதி, பழைய பெயர் துய்ப்ளேக்ஸ் வீதி. இன்னொரு பக்கம் ரங்கப்பிள்ளை வீதி. இந்த இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது பொருத்தம்தான். கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் 1747 முதல் தலைமைத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய வீடு அந்த வீதியில் இன்னும் நிற்கிறது.

துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர். பிரெஞ்சுக் கம்பெனிக்காரருக்குத் தமிழ் தெரியாது, நெசவாளருக்கும் வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது. நடுவில் இவர். எங்கள் தொழிலில் இரண்டு சிஸ்டம்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒன்று சொல்வதை மற்றதுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருளை மிடில்வேர் என்போம். துபாஷியை மனித மிடில்வேர் என்று சொல்லலாம். ஒரே வித்தியாசம், மென்பொருள் பிணை நிற்காது, துபாஷி நிற்பார். துணிக்கு முன்பணம் வாங்கிய வணிகர் சரக்கு தராவிட்டால் கம்பெனி முதலில் கேட்பது இவரைத்தான்.

ரங்கப்பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி பேரம், புகையிலைக் குத்தகை, வெற்றிலைக் குத்தகை, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. குத்தகை என்ற சொல்லைக் கவனியுங்கள். வசூலிக்கும் உரிமையை மொத்தமாக ஒருவருக்கு விற்றுவிட்டு, அவர் மக்களிடமிருந்து பிரித்துக்கொள்ளட்டும் என்று விடுவது. இன்றைய அடிக்காசு ஏலமும் அந்த முறையின் வாரிசுதான்.

ரங்கப்பிள்ளைக்கு முன்னால் அதே பதவியில் இருந்தவர், அவருக்கு உறவுக்காரர், நயினியப்ப பிள்ளை. கவர்னர் எபேர் அவரை 1716இல் கைது செய்தார். விசாரணை, சவுக்கடி, சிறை. 1717இல் சிறையிலேயே இறந்துபோனார். பிறகு பிரான்சில் மேல்முறையீடு நடந்து தீர்ப்பு ரத்தானது. அவருடைய மகன் குருவப்பா பிரான்சுக்கே போய் குடும்பத்தின் பெயரை மீட்டார். இந்த வழக்கில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அவருக்கு எதிரான ஆவணங்கள் அவருக்கு வாசிக்கத் தெரியாத பிரெஞ்சில் இருந்தன. ஊரின் கணக்கையெல்லாம் கையில் வைத்திருந்தவர், தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்து "இது தப்பு" என்று சொல்ல முடியாமல் போனார்.

சாதாரண வியாபாரிக்கு அந்தக் காலத்தில் இருந்த இடம் சாவடி. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு ஷோத்ரி நீதிமன்றம் என்று நடத்தினார்கள். உள்ளூர் மக்களின் கடன், சொத்து, வாரிசுத் தகராறுகள் அங்கே போகும். 1827இல் அது கலைக்கப்படும் வரை புதுச்சேரி வாழ்க்கையில் சாவடி ஒரு பெரிய விஷயம். அங்கே எப்போதும் நியாயம் கிடைத்தது என்று சொல்லவில்லை. ஆனால் கடன் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய் ஒரு மனிதர் முன்னால் நிற்க முடிந்தது.

இந்தப் பகுதியிலிருந்து இரண்டை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கணக்கு எந்த பாஷையில் இருக்கிறது, கேட்கிற இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. பிறகு 1880இல் பிரெஞ்சு இந்தியாவில் நகராட்சிகள் வந்தன, 1954இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது, மார்க்கெட்டுக்கு குபேர் பெயர் வந்தது. இத்தனை மாறியும் இந்த இரண்டு கேள்விகளும் மாறவில்லை.

மீன்: ஒலிபெருக்கி வைத்த கிராமம்

மீன் வியாபாரத்தில் தகவல்தான் முதல். காலையில் இருக்கும் விலை மதியம் இருக்காது. கடல் எப்படி இருக்கும், பக்கத்துத் துறையில் எவ்வளவு மீன் இறங்கியது என்று தெரிந்தவர் பிழைப்பார், தெரியாதவர் நஷ்டப்படுவார்.

இதை அழகாக அளந்து காட்டியவர் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர். இடம் வடகேரளம், நம்ம மாஹேவுக்குப் பக்கம். 1997 ஜனவரி 14 அன்று வடகரைக் கடற்கரையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் வாங்க மீன் கிடைக்காமல் நின்றார்கள். அந்த வருஷம்தான் அந்தக் கடற்கரையில் செல்போன் கோபுரங்கள் வர ஆரம்பித்தன. நடுக்கடலிலிருந்தே நாலு துறைக்கு போன் போட்டு விலை கேட்க முடிந்தது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது, கொட்டி வீணாக்குவது ஏறக்குறைய நின்றுபோனது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. போன் இருந்தது, மக்கள் பயன்படுத்தினார்கள்.

புதுச்சேரியில் நடந்தது வேறு மாதிரி. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து ஒரு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் ஐடிஆர்சி பண உதவி செய்தது. அந்தக் காலத்தில் கிராமத்தில் இன்டர்நெட் என்பது கனவு. அதனால் வில்லியனூரில் மட்டும் இணைப்பு வைத்து, அங்கிருந்து ரேடியோ கருவிகள் வழியாகக் கிராம மையங்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். கரண்ட் நிற்கும் என்று சூரிய மின்தகடு. எம்பலத்தில் கோயில் வளாகத்தில் மையம். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்காக மையம். சாதி பார்க்காமல் எல்லாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

வீராம்பட்டினத்தில் செய்ததைப் படித்தபோது ஒரு இன்ஜினியராக எனக்குப் பொறாமையாக இருந்தது. அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் உலகக் கடல்களின் அலை உயரக் கணிப்பைப் போட்டுவந்தது. இவர்கள் நம்ம கரைக்கான கணிப்பை அதிலிருந்து எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். போர்க்கப்பலுக்காகச் செய்த கணக்கு கட்டுமரத்துக்காரர் காதில் விழுந்தது. கம்ப்யூட்டரைத் தொடாதவர்கூட இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்று தெரிந்துகொண்டார். 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

விருதைவிடப் பெரிய பரீட்சை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. நல்லவாடு கிராமத்திலும் இதே மாதிரி மையம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்கு போன் செய்தார். தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னதும், உடனே எல்லாரையும் வெளியேறச் சொன்னார். ஊரில் இருந்தவர்கள் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். படகும் வீடும் போயின. ஆனால் 3,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. நாட்டுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாதில் இயங்க ஆரம்பித்தது 2007இல்தான்.

அன்றைக்கு எது வேலை செய்தது என்று பாருங்கள். ஒரு சர்வதேச போன் அழைப்பு, ஒரு ஒலிபெருக்கி, அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த மனிதர்கள். கடைசி நூறு அடியில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், அவர் பேசியது ஊர்த் தமிழில். கணக்கு யார் பாஷையில், கேட்கிற இடம் எவ்வளவு தூரத்தில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கே சரியான பதில் இருந்தது.

அரிசி: கடை போய் எஸ்எம்எஸ் வந்தது

மீனில் தொழில்நுட்பம் ஒரு ஆளைச் சேர்த்தது. அரிசியில் ஒரு ஆளை எடுத்தது.

2015 செப்டம்பரில் உணவு மானியத்தைப் பணமாக வங்கிக் கணக்கில் போடும் முறை தொடங்கியபோது, முதலில் வந்தவை சண்டிகரும் புதுச்சேரியும். அடுத்த வருஷம் தாத்ரா நகர் ஹவேலியின் ஒரு பகுதி சேர்ந்தது. மூன்றும் யூனியன் பிரதேசங்கள். யோசனை கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரேஷன் கடையில் எடை குறையும், அரிசி கடத்தப்படும், கடை திறந்திருக்காது. எல்லாருக்கும் ஆதார் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. பணத்தை நேரா போட்டுடுவோம், பிடிச்ச அரிசியை பிடிச்ச கடையில வாங்கிக்கட்டும்.

எவ்வளவு பணம்? விதியில் சூத்திரம் இருந்தது: குறைந்தபட்ச ஆதரவு விலையின் 1.25 மடங்கு, அதில் ரேஷன் விலையைக் கழித்தால் வருவது. இது அரசு கொள்முதல் செய்யும் விலையை ஒட்டிய கணக்கு. பெரிய மார்க்கெட் அரிசி மண்டியில் மூட்டை மேல் குத்தி வைத்திருக்கும் அட்டையில் உள்ள விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதுச்சேரி அரசு தனியாகக் கொடுத்துவந்த இலவச அரிசியும் பிறகு பணமானது. சிவப்பு அட்டைக்கு மாதம் 20 கிலோவுக்கு 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு 300 ரூபாய். அதாவது கிலோ 30 ரூபாய். வீட்டில் அன்றாடம் பொங்கும் பொன்னி அந்த விலைக்கு வராது. மார்க்கெட்டில் விலை ஏறினால் ரேஷன் அரிசி ஏறாது. ஆனால் 30 ரூபாயின் மதிப்பு இறங்கிவிடும். விலையேற்றத்தின் சுமை அரசிடமிருந்து குடும்பத் தலைவியிடம் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நிதி ஆயோக்குக்காக இந்த மூன்று பிரதேசங்களிலும் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார்கள். அரசின் பதிவில் பணம் போய்ச் சேராதது 1 சதவீதத்துக்கும் குறைவு. மக்களைக் கேட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சேர வேண்டியது சேரவில்லை என்றார். பணம் இவர்கள் பயன்படுத்தாத வேறு கணக்குக்குப் போயிருக்கலாம். எஸ்எம்எஸ் வராமல் இருந்திருக்கலாம். வந்தும், அது எதற்கான பணம் என்று தெரியாமல் இருந்திருக்கலாம். நாளாக நாளாக முறை சீரானது, பணமே பரவாயில்லை என்றவர்களின் பங்கும் கூடியது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைக்கக் கூடாது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த 1 சதவீதம், 20 சதவீதம் இடைவெளி நன்றாகப் புரியும். சர்வர் லாகில் 'வெற்றி' என்று பதிவாகும். அந்த வெற்றிக்கு அர்த்தம், நான் அனுப்பினேன், அந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது என்பது மட்டும்தான். மனிதர் கைக்கு வந்ததா என்று அந்த லாகுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும்படி யாரும் எழுதவும் இல்லை. ரேஷன் கடையில் 'வெற்றி' என்றால் பையில் அரிசி விழுவது. எடை குறைந்தால் அங்கேயே கத்தலாம். கடைக்காரர் திருடராகவே இருக்கட்டும், அவருக்கு முகம் இருக்கிறது, வீடு அதே தெருவில் இருக்கிறது. வங்கிக் கவுண்டரில் போய் "என் அரிசிக்காசு ஏன் வரலை" என்று கேட்டால் அந்த ஊழியருக்கு அரிசியைப் பற்றி என்ன தெரியும்? குடிமைப்பொருள் துறையில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்பார்கள். இருவரும் சொல்வது உண்மைதான். அம்மாவுக்குத்தான் அரிசி இல்லை.

பிறகு இது அரசியலானது. முதல்வர் நாராயணசாமியின் அரசு அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான் என்றார். மத்திய அரசு பணத்தின் பக்கம் நின்றது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. நடுவே ரேஷன் கடைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன, ஊழியர்கள் சம்பள பாக்கி கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். கொரோனா வந்தபோது மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ இலவச அரிசி அறிவித்தது. மற்ற ஊர்களில் அது ரேஷன் கடை வழியாகப் போனது. இங்கே கடையே ஓடவில்லை என்பதால் அரசு ஊழியர்களை வைத்து வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. எடுத்துவிட்ட ஒரு அமைப்பின் அருமை, நெருக்கடியில்தான் தெரிந்தது.

புதுச்சேரி எல்லை தமிழ்நாட்டோடு பின்னிப் பிணைந்தது. சில இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. தமிழ்நாடு 2017இல் ரேஷனை ஸ்மார்ட் கார்டுக்கு மாற்றியது. கடையில் கருவி வைத்தார்கள், வாங்கியதும் எஸ்எம்எஸ் வரும். ஆனால் கடையை மூடவில்லை. ஒரே காலம், ஒரே ஆதார், ஒரே செல்போன். ஒரு பக்கம் கணினி கடைக்காரரைக் கண்காணித்தது. மறுபக்கம் கணினி கடைக்காரரின் இடத்துக்கு வந்தது. ஆக, இது தொழில்நுட்பம் தானாகக் கொண்டுவந்த முடிவில்லை. மனிதர்கள் எடுத்த முடிவு.

2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. இலவசமாக 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும். 2015இல் பண முறை தொடங்கியபோது முதல்வராக இருந்தவர் ரங்கசாமி. கடைகளைத் திறந்து வைத்ததும் அவரே.

காசு: தண்டல் திரும்பி வந்த வழி

சந்தை வியாபாரிக்கு முதல் வேண்டும். வங்கி அவரைப் பார்க்காது. அதனால் தண்டல். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,000 பிடித்துக்கொண்டு கையில் 9,000 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பத்து சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது, காலமும் 100 நாள்தான். போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 77 சதவீத வட்டி. கொடுமைதான். இருந்தும் தண்டல் ஏன் ஓடுகிறது? காரணம் அவருடைய தகவல். எந்தக் கடையில் எவ்வளவு விற்கும், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் தெரியும். சாயங்காலம் நேரில் வருவார். "நாளைக்கு ரெண்டா தரேண்ணே" என்று சொல்ல முடியும். சில நாள் திட்டுவார், சில நாள் விட்டுக் கொடுப்பார்.

யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்து எல்லாரையும் அதன் பக்கம் தள்ளியது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐயில் காசு வாங்கும் வியாபாரியிடம் கட்டணம் எடுக்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனை தாண்டியது. உலகத்தில் எங்கும் இவ்வளவு சின்னத் தொகைகள் இவ்வளவு சுலபமாகக் கைமாறியதில்லை. பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்குச் சில்லறைத் தகராறு இல்லாமல் போனது சின்ன சாதனை இல்லை.

ஆனால் கட்டணம் இல்லை என்றால், அட்டையை இலவசமாக ஒட்டிவிட்டுப் போகும் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து? முதலில், பேசும் பெட்டிக்கு மாத வாடகை. அடுத்தது, கடன். அட்டை வழியாக வரும் ஒவ்வொரு ரூபாயும் பதிவாகிறது. இந்தக் கடையில் தினம் எவ்வளவு வியாபாரம், எந்தக் கிழமை மந்தம் என்று கம்பெனிக்குத் தெரியும். அதை வைத்து ஒரு வங்கி அல்லது நிதி நிறுவனத்தோடு சேர்ந்து கடன் கொடுக்கிறார்கள். திருப்பிக் கட்டுவது எப்படித் தெரியுமா? தினத் தவணை. அன்றைய வசூலிலிருந்து அன்றைக்கே பிடித்துக்கொள்வது. பேடிஎம், பாரத்பே போன்ற கம்பெனிகளின் வியாபாரிக் கடன்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

இதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம், இல்லையா? கடையைக் கவனித்து, வசூலை அறிந்து, தினமும் வாங்கிக்கொள்ளும் கடன். சிலிக்கான் பள்ளத்தாக்கு ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இது தண்டல்தான். வட்டி குறைவாக இருக்கும், அடியாள் வரமாட்டார், அதெல்லாம் நல்ல மாற்றம். ஆனால் "நாளைக்கு ரெண்டா தரேண்ணே" என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. மழை பெய்து வியாபாரம் படுத்த நாளும் பிடித்தம் பிடித்தம்தான்.

கேட்க ஆள் இல்லை என்பது 2024இல் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி, பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியில் புதிதாகப் பணம் வரவு வைப்பதை நிறுத்தச் சொல்லி, பிறகு மார்ச் 15 வரை அவகாசம் கொடுத்தது. பெட்டி வைத்திருந்த வியாபாரிகளின் பணம் எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது என்பது திடீரென்று முக்கியமானது. பலருக்கு அது என்ன கணக்கு என்றே தெரியாது. அட்டை ஒட்டிய பையன் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான். 1716இல் ஆவணம் பிரெஞ்சில் இருந்தது. இப்போது அது ஆங்கிலத்தில், செயலிக்குள், நாலு பக்க நிபந்தனைகளுக்கு அடியில் இருக்கிறது. பெட்டி மட்டும் தமிழில் பேசுகிறது. அதுவும் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசும், பதில் சொல்லாது. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருந்த ஆள் இதற்குப் பின்னால் இல்லை.

அரசு இந்த இடைவெளியைப் பார்க்காமல் இல்லை. 2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. 2020 ஜூனில் பிஎம் ஸ்வநிதி வந்தது: 2025 வரை முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று இருந்தது. பிணை வேண்டாம், 7 சதவீதம் வட்டி மானியம், டிஜிட்டலில் காசு வாங்கினால் ஊக்கத்தொகை. 77 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது வரம். ஆனால் அதை வாங்க நகராட்சியின் சான்று வேண்டும். அதாவது, இந்த ஆள் இந்தத் தரையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார் என்று யாரோ ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அடிக்காசு கேள்விக்கே வந்துவிட்டோம்.

மார்க்கெட்டை மாற்றுவதற்கு முன்

2017இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது, வியாபாரிகள் எதிர்த்தார்கள். இடம் மாறினால் வாடிக்கை போய்விடும், திரும்பி வரும்போது பழைய இடம் கிடைக்குமா என்பது அவர்கள் பயம். வெளியிலிருந்து பார்த்தால் வளர்ச்சிக்கு எதிரான பிடிவாதமாகத் தெரியும். மேலே பார்த்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது ரொம்ப சரியான கேள்வி: நான் இங்கே இத்தனை வருஷம் இருந்தேன் என்கிற கணக்கு யாரிடம் இருக்கிறது?

பழைய இடைத்தரகர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எடையில் அடித்த கடைக்காரரையும் அடியாள் வைத்த தண்டல்காரரையும் யாரும் தேடப்போவதில்லை. ஆனால் அவர்கள் இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று, நடுவில் நின்று தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது. இன்னொன்று, தப்பு நடந்தால் கத்துவதற்கு ஒரு முகமாக இருந்தது. டிஜிட்டல் முதல் வேலையை வேறொருவரிடம் கொடுத்தது. இரண்டாவது வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை.

அதனால் இனி ஏதாவது ஒரு சேவை ஆன்லைன் ஆகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது மூன்று விஷயம் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கணக்கு அந்த வியாபாரிக்குப் படிக்கத் தெரிந்த பாஷையில் இருக்கிறதா? வரவேண்டியது வரவில்லை என்றால், கடையைப் பூட்டாமல் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்க் கேட்டு வரக்கூடிய தூரத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா? இலவசம் என்றால், யார் எதிலிருந்து சம்பாதிக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா?

மூன்றுமே செலவு பிடிக்கிற விஷயங்கள். வில்லியனூரில் 1998இல் அந்தச் செலவைச் செய்து காட்டினார்கள். பெரிய மார்க்கெட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.